‘உட்கார வை’ டுடெக்

திங்கட்கிழமை காலை பத்தே கால் மணிக்கு எங்கள் ஊரில் யாருக்காவது பல்வலி வந்தாலும் பத்தரை வரை பொறுத்துக்கொள்வார்கள். அந்தக் கால் மணி நேரம் காஸ் டுடெக்குடையது. முந்தின நாள் நடந்த அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தைப் பற்றி உள்ளூர் ரேடியோவில் யார் வேண்டுமானாலும் போன் போட்டுப் பேசலாம். ஆனால் காஸ் பேசி முடித்தால்தான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முடிந்த மாதிரி. பத்தொன்பது வருஷமாக இப்படித்தான்.

முப்பத்தோரு வருஷம் நகராட்சியில் பனி வாரும் லாரி ஓட்டி ரிட்டையர் ஆனவர். எழுபத்தொரு வயது. குரலும் அந்த லாரி மாதிரியேதான் இருக்கும். எங்கள் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தைக் கையில் வாங்கி முன்னால் ஓடுகிறவனுக்கு எறிகிறவன், கொஞ்சம் தடுமாறினால் போதும். காஸ் போனில் வந்து, மூச்சை ஒரு இழுப்பு இழுத்து, “அவனை உட்கார வை” என்பார். நிகழ்ச்சி நடத்தும் மெர்ல் பக்கத்தில் வைத்திருக்கும் பித்தளை மணியை ஒரு தட்டுத் தட்டுவான். கேட்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள்.

முதலில் அதைப் பனியனில் அச்சடித்து விற்றார்கள். பிறகு அட்டையில் எழுதி மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். கடைசியில் அது கோஷமாகிவிட்டது. அறுபதாயிரம் பேர், பெஞ்சைக் காலால் தட்டிக்கொண்டு, ஒரே தாளத்தில். பத்தொன்பது வருஷத்தில் பதினான்கு குவார்ட்டர்பேக்குகள் அந்தத் தாளத்துக்குக் களத்தை விட்டு நடந்து ஓரத்துப் பெஞ்சுக்குப் போயிருக்கிறார்கள். காஸுக்கு அதில் பெருமை இல்லை என்று நான் சொன்னால் பொய் சொன்னவன் ஆவேன்.

இந்த வருஷம் வந்தவன் எலாய் ராம்ஸ்டாட். இருபத்திரண்டு வயது, வடக்கு டகோட்டாவில் கோதுமை விளைகிற ஊர்ப் பையன். கல்லூரியிலிருந்து நேராகக் கொண்டுவந்து களத்தில் இறக்கினார்கள். ஏழு ஆட்டத்தில் ஆறு தோல்வி. பதிமூன்று தடவை பந்தை எதிராளியின் கையிலேயே எறிந்தான், தாம்பூலம் வைத்துக் கொடுத்த மாதிரி. ஊர் பல்லைக் கடித்துக்கொண்டு திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தது.

“அண்ணே, ஊரே காதைத் தீட்டி வெச்சிருக்கு. சொல்லிடுங்க,” என்றான் மெர்ல். மணி கையிலேயே இருந்திருக்கும்.

“அந்தப் பையனுக்கு டைம் கொடுங்க,” என்றார் காஸ்.

மெர்ல் மணியைத் தட்ட மறந்துபோனான்.

“போன்ல இருக்கறது காஸ் அண்ணன்தானே? வேற யாராவது அவர் போனைத் திருடிட்டீங்களா?”

“நான்தான்டா. ஏழே ஆட்டத்துல எவன் கத்துக்கிட்டான்? அவன் பந்தை வாங்கறதுக்குள்ள நாலு தடியனுங்க மேல வந்து விழறானுங்க. காப்பாத்த வேண்டிய நம்மாளுங்க வேடிக்கை பாக்கறாங்க. மூணு வருஷம் கொடுங்க, அப்புறம் பேசுங்க.”

அடுத்துப் பேசினவன், “தாத்தாவுக்கு மாத்திரையை மாத்திட்டாங்க போல,” என்றான். மெர்ல் அதற்கு மணி அடித்தான்.

காஸுக்கு என்ன ஆயிற்று என்று ஊரில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து ராம்ஸ்டாட் தலைக்கவசத்தைக் கழற்றியபடி உள்ளே போகும்போது மேலே பார்த்தான். டிவிக்காரர்கள் அவன் பார்த்த இடத்தைக் காட்டினார்கள். அங்கே அவனுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். மகன் பார்க்கிறான் என்று தெரிந்தும் அந்த மனிதர் முகத்தைத் திருப்பி, கையிலிருந்த தொப்பிக்குள் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். மற்றவர்களுக்கு அது இரண்டு நொடிக் காட்சி. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த காஸ் வாயருகே கொண்டுபோன உருளைக்கிழங்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அந்த முகத்திருப்பலை அவர் அறிவார்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் லாரி ஓட்டியது போக, எங்கள் மாதா கோயில் பள்ளிக்கூடத்தின் ஃபுட்பால் அணிக்குக் காஸ்தான் கோச். மைதானத்தில் விளக்கு கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஆட்டம், ஆறு மணிக்குக் கோயில் ஹாலில் மீன் விருந்து. மாவில் தோய்த்துப் பொரித்த மீன், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் பச்சடி. ஜெயித்தாலும் தோற்றாலும் அன்றைய குவார்ட்டர்பேக்கைக் கோச் தன் வண்டியின் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்து, ஹாலில் தனக்கு எதிர் நாற்காலியில் உட்கார வைத்துச் சாப்பிடுவார். போகிற வருகிறவர்கள் எல்லாம் பையனின் தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். யார் ஆரம்பித்த வழக்கமோ, யாரும் மாற்றத் துணியவில்லை.

அந்த வருஷம் அந்த நாற்காலி காஸின் சொந்த மகன் ரோமனுக்கு வந்தது. பதினைந்து வயது. முதல் இரண்டு ஆட்டம் தோல்வி. “பெத்த பிள்ளைன்னு தூக்கி வெச்சிருக்கான்” என்று ஊர் முணுமுணுத்தது. மூன்றாவது ஆட்டத்தின் பாதியில் காஸ் ரோமனை வெளியே எடுத்துவிட்டு ஓவன் ஸ்லாட்டரி என்ற பையனை இறக்கினார். ஓவன் ஜெயித்துக் கொடுத்தான்.

ஆட்டம் முடிந்து காஸ் வண்டிக்கு வந்தபோது, முழங்காலெல்லாம் சேறோடு ரோமன் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். காஸ் கண்ணாடியைத் தட்டினார்.

“எறங்கு. நீ பஸ்ல போயிடு.”

“நான் பின்னாடி உட்கார்ந்துக்கறேம்ப்பா.”

“இன்னைக்கு இது ஓவன் வண்டி. ஊர் என்ன சொல்லும்? எறங்கு.”

ரோமன் இறங்கினான். அவன் இறங்கும்போது முகத்தைப் பார்க்க முடியாமல் காஸ் சாவிக்கொத்தில் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். தராசு பிடித்த மாதிரி நியாயமாக நடந்துகொண்டோம் என்றுதான் நினைத்தார். அணியை ஏற்றி வந்த பஸ் பள்ளிக்கூடத்தில் விட்டது. அங்கிருந்து இரண்டு மைல் ரோமன் நடந்து வீடு போனான். திங்கட்கிழமை சீருடையை மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். பிறகு பந்தைத் தொடவே இல்லை.

ரோமனுக்கு இப்போது நாற்பத்தொன்று. இருபது நிமிஷ தூரத்தில் இருக்கிறான். வீடு வீடாகப் போய், குளிருக்கு வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸை ரிப்பேர் பார்க்கிற வேலை. கிறிஸ்துமஸுக்கு அம்மாவைப் பார்க்க வருவான், அப்பா வீட்டு ஃபர்னஸ் நின்றுபோனால் வருவான். “ஃபில்டரை மாத்துங்க” என்பான். “சரி” என்பார் காஸ். அம்மா தட்டில் எதையாவது வைத்துக் கொடுத்தால் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போவான். அப்பா இருக்கும் மேஜையில் அவன் உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சண்டையென்றால் எப்போதாவது முடியும்.

அந்தத் திங்கட்கிழமை காஸ் போனை வைத்ததும் அவர் மனைவி பெர்னடெட் கேட்டாள்: “நீ ராம்ஸ்டாட்டுக்காகவா பேசினே?”

“வேற யாருக்கு?”

“ரோமன் வேன்ல அந்த ரேடியோதான் ஓடுது. போன மாசம் வந்தப்ப என் காதால கேட்டேன். உன் குரல்தான்.”

 அதற்கப்புறம் ரேடியோவில் காஸ் ஊருக்காகப் பேசவில்லை, அந்த வேனுக்காகப் பேசினார். அவன் கேட்பான், கேட்டால் புரிந்துகொள்வான், புரிந்தால் ஒரு வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு வந்து எதிரே உட்காருவான். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். நேரே மகனுக்கு போன் போட்டுச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஊர் ஆண்களுக்கு மனசில் இருப்பதைச் சொல்ல ஆட்டத்தை விட்டால் வேறு பாஷை தெரியாது. அதுதான் எங்கள் கேடு.

ஒன்பதாவது ஆட்டம் உள்ளூரில் நடந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பையன் பந்தை வாங்கும்போது, அவன் சொல்வது கூட ஆடுகிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று நாங்கள் வாயை மூடிக்கொள்வோம், எதிராளி வாங்கும்போதுதான் கத்துவோம். சத்தம் எழுந்தால் நாலு பேர் எழுந்து இரண்டு கையையும் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டுவார்கள், அடங்கிவிடும். அன்றைக்கு ராம்ஸ்டாட் மறுபடியும் பந்தைக் கோட்டை விட்டான். மூலையிலிருந்து அந்தக் கோஷம் கிளம்பியது.

கூட்டத்தில் இருந்த காஸ் தன் பெஞ்சின் மேலேயே ஏறி நின்றார். இரண்டு கையையும் அமுக்கி அமுக்கிக் காட்டினார். “வேணாம்டா, விடுங்கடா,” என்று கத்தினார். யார் காதில் விழும்? சுற்றி இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் காஸ் டுடெக் எழுந்துவிட்டார் என்பதுதான். “அண்ணன் எழுந்துட்டார்டா,” என்று ஒருவன் பெஞ்சைத் தட்டினான். பெரிய திரையில் அவரைக் காட்டினார்கள். சிவப்புத் தொப்பி, மேலும் கீழும் போகிற இரண்டு கை. மைதானம் மொத்தமும் அந்தக் கையைப் பார்த்துத் தாளம் போட்டது. விஷயம் புரிந்து அவர் கையை இறக்கினபோது காரியம் மிஞ்சிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

கோச் ராம்ஸ்டாட்டை வெளியே கூப்பிட்டார். பையன் பெஞ்சின் ஒரு ஓரத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் யாரும் போகவில்லை. காஸ் பெஞ்சிலிருந்து இறங்கும்போது, பக்கத்து ஆள் காதில் வைத்திருந்த ரேடியோவில் வர்ணனையாளர் சொன்னது அவருக்குக் கேட்டது: “நம்ம காஸே எழுந்து கோஷத்தை நடத்தறார், பாருங்க.” ரோமனும் அதைத்தான் கேட்டிருப்பான். காஸ் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டார். ஆட்டம் முடியும் முன்பே வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பத்தே காலுக்குப் போன் போட்டார்.

“பழைய அண்ணன் திரும்பி வந்துட்டார்,” என்று மெர்ல் மணியை அடித்தான்.

“நான் நிறுத்தச் சொன்னேன், மெர்ல்.”

“அடக்கமெல்லாம் வேணாம்ண்ணே. திரையில பாத்தோமே.”

“மணியைக் கீழ வை.” காஸ் மூச்சை ஒரு இழுப்பு இழுத்தார். “நான் ஒரு பையனை உட்கார வெச்சிருக்கேன். பதினஞ்சு வயசு. என் வீட்டுப் பையன். அதுக்கப்புறம் அவன் எழுந்து என்கிட்ட வரவே இல்லடா.”

 காஸ் போனை வைத்துவிட்டார். விளம்பரம் ஓடியது. பெர்னடெட் ரேடியோவை நிறுத்தப் போனாள். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டான்.

“ரொம்ப வருஷமா கேக்கறேன். பேசறது இதான் முதல் தடவை.” எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஆனால் பெர்னடெட்டின் கை அப்படியே நின்றது. “பேர் ரோமன். வேன்லேருந்து பேசறேன்.”

“சொல்லுங்க ரோமன். ராம்ஸ்டாட்டுக்கு டைம் கொடுக்கலாமா, வேணாமா?”

“வேணாம். உட்கார வெச்சது சரிதான். அவனுக்கு இன்னும் ஆட்டம் பிடிபடல. தெனம் அடி வாங்கினா ஆட்டம் வராது, பயம்தான் வரும்.”

“அப்ப நீங்க பழைய காஸ் கட்சி.”

“எனக்குக் கட்சியெல்லாம் இல்லைங்க. உட்கார வெச்ச அன்னைக்கு அவனை யாராவது சாப்பிடக் கூட்டிட்டுப் போனாங்களா? அதை மட்டும் கேக்கலாம்னு போன் பண்ணேன்.”

“அது எனக்கெப்படிங்க தெரியும்?”

“தெரிஞ்சவங்க கேட்டுட்டிருப்பாங்க,” என்றான் ரோமன். போன் வைக்கிற சத்தம் கேட்டது.

காஸ் போனைக் கையில் எடுத்தார். ரேடியோ நிலையத்து நம்பர் அவர் விரலிலேயே இருந்தது, மகனுடைய நம்பர் தெரியவில்லை. பெர்னடெட் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள்.

“ஃபர்னஸ் நின்னுடுச்சா?” என்றான் ரோமன்.

“இல்ல. நல்லா ஓடுது.” காஸ் கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினார். “அன்னைக்குப் பின் சீட்டுல இடம் இருந்துச்சுப்பா. நீ கேட்டே. நான்தான் எறக்கி விட்டேன்.”

மறுபக்கம் வேனின் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

“வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஹால்ல மீன் போடறாங்க. வர்றியா?”

“கொஞ்சம் டைம் கொடுங்கப்பா,” என்றான் ரோமன்.

“எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கப்பா,” என்றார் காஸ். எழுபத்தொரு வயதுக்காரர் கையில் அள்ளிக் கொடுக்க அவ்வளவு இருக்கிறதா என்ன? இருந்தாலும் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் ஐந்தே முக்காலுக்கே ஹாலுக்கு வந்துவிட்டார். பரிமாறுகிற பெண், “ஒரு தட்டா?” என்றாள். “ரெண்டு,” என்றார். எதிர்த் தட்டு ஆறிப்போனதும் அதை அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டு பெர்னடெட்டுக்கு எடுத்துப் போனார். அடுத்த வெள்ளியும் அப்படித்தான் நடந்தது, அதற்கடுத்த வெள்ளியும். ரேடியோவுக்கு அவர் போன் போடுவதில்லை. பத்தே கால் மணிக்கு இப்போது எவனோ ஒருவன் கத்துகிறான். ராம்ஸ்டாட்டை ஜனவரியில் வேறொரு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு இன்னும் டைம் கொடுத்திருந்தால் தேறியிருப்பானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. காஸிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

போன வெள்ளிக்கிழமையும் அவரைப் பார்த்தேன். பதினாறாவது வாரம். கதவு திறந்து பனிக்காற்று உள்ளே வரும்போதெல்லாம் தலை நிமிர்ந்தது, பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்தது. ஹாலில் கூட்டம். பக்கத்து மேஜையில் இடம் போதாமல் ஒரு பெண் வந்து, “இந்த நாற்காலியை எடுத்துக்கலாமா?” என்றாள்.

காஸ் அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு, “இல்லம்மா, ஆள் வருது,” என்றார்.