விக்டோரியா அக்கா அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டது

எங்கள் ஷெட்டில் ஒடிசாவிலிருந்து வந்தவர்களுக்கும் தெரிந்த ஒரே சொல் அட்ஜஸ்ட். வேனில் நாலு பேர் இருக்கிற சீட்டில் இன்னொருத்தி உட்கார வந்தாலும் அதுதான், சம்பளம் தள்ளிப் போனாலும் அதுதான். அதைக் கேட்டால் விக்டோரியா அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவர் கணவர் ஸ்டீபனுக்கு வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேறொரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டியவர். அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாது. ஆனால் டார்கெட் வராது. அதனால் ஒரு பட்டனில் மரச்சில்லைச் சொருகி அமுக்கி வைத்துவிடுவார்கள். வலது கை தகட்டை உள்ளே வைக்கும், இடது கை அழுத்தும். எங்கள் ஷெட்டிலும் அப்படித்தான்.

அக்கா பாக்கிங்கில் இருந்தார். பிரஸ் ஓட்டிய பெண் பிரசவத்துக்குப் போனதும் அவரை அங்கே நிறுத்தினார்கள். அக்கா முதலில் செய்தது, சில்லைப் பிடுங்கியதுதான். சூப்பர்வைசர் ஆதிகேசவன் வந்து பார்த்தார்.

“இன்னா விக்டோரியா, பாதி கூட வரல?”

“ரெண்டு கையால ஓட்றேன் சார்.”

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க.”

“எங்க ஊட்டுக்காரரு அட்ஜஸ்ட் பண்ணவருதான் சார். இப்ப அவரு சட்டைய நான்தான் மாட்டி வுட்றேன்.”

பக்கத்து மெஷின்கள் நிற்கவில்லை. நாங்கள் யாரும் தலை நிமிரவில்லை.

“அப்ப நாளைலேர்ந்து வராத.”

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மகள் ஜெனிபர் காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறாள். அந்தச் சொல் எங்கிருந்துதான் வந்தது என்று அவளைக் கேட்டேன். போனில் தேடினாள்.

“லத்தீன்ல, பக்கத்துல கொண்டாந்து சேக்கறதுன்னு அர்த்தமாம்கா. அப்பால ஜஸ்ட், நியாயம்னு ஒரு வார்த்தை, அதோட கலந்து, சரியா பொருத்தறதுன்னு ஆயிருக்கு.”

“அதுல நியாயம் எங்க கீது?” என்றார் அக்கா, கஞ்சியைக் கிளறிக்கொண்டே.

“வர்ற வழில எறங்கிப் போயிருக்கும்,” என்றார் ஸ்டீபன்.

ஜெனிபர் போனை அணைத்தாள். “நான் வேலைக்குப் போறேம்மா. ஆதிகேசவன் சாருகிட்ட பேசிட்டேன்.” அக்கா கஞ்சியைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வேன் நின்றபோது, அம்மாவின் சாப்பாட்டுப் பையோடு ஜெனிபர் ரோட்டோரம் நின்றிருந்தாள். ஒரு காலை வேனுக்குள் வைத்துவிட்டாள். தெருவிலிருந்து அக்கா தலைமயிரைக்கூட வாரி முடியாமல் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

“காலேஜுக்குப் போ.”

“உன்ன சேக்க மாட்டாங்கம்மா.”

“அத நான் கேட்டுக்கறேன். பைய குடு.”

ஏறிவிட்டார். சீட்டில் இருந்த குப்பம்மாள் நகர்ந்து இடம் விட்டாள்.

ஆதிகேசவன் அவரைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், அதையே கையால் காட்டிவிட்டுப் போனார். அக்கா டிரேயில் கிடந்த சில்லை எடுத்து, தானே பட்டனில் வைத்து உள்ளங்கையால் அடித்துச் சொருகினார். பிறகு தகட்டை உள்ளே வைத்தார், இடது கையால். பழக்கமில்லாத கை, தகடு கோணலாகவே உட்கார்ந்தது.

“சோத்துக்கையால வைக்கா, வாகா இருக்கும்,” என்றேன்.

“இருக்கட்டும்டி. ஊட்ல ரெண்டு பேருக்கும் அது ஒண்ணுதான் கீது.”

அச்சு இறங்கியது.