திருப்பி வைத்த மருந்து

லிப்ட் மெக்கானிக்குக்குக் குடித்தால் கால் தள்ளாடாது. நாக்கு குழறாது. எண்ணெய்க் கறையும் புதினா மிட்டாயும் கலந்த வாசனைக்குள் எதையும் ஒளித்துவிடுவார். மருந்து ஜன்னலில் நிற்கும் நர்ஸுக்கு அவரோடு ஓயாத மல்லுக்கட்டு.

பல வருடங்களுக்கு முன் லிப்ட் குழிக்குள் விழுந்து அவர் முதுகு உடைந்தது. வலிக்குப் போட்ட ஊசி, வலி போன பிறகும் போகவில்லை. வேலை, மனைவி என்று ஒவ்வொன்றாகக் கைநழுவின. மகள் மட்டும் மிஞ்சினாள். கடைசியில் இந்தப் போதை மீட்பு மையத்துக்கு வந்து சேர்ந்தார். தினமும் காலையில் ஜன்னலில் நின்று, ஊசிக்கு மாற்றாக அளந்து தரும் மெத்தடோன் மருந்தை நர்ஸ் கண் முன்னே விழுங்க வேண்டும். ஊசியின் பிடியிலிருந்து அவரை விடுவித்தது அந்த ஒரு மடக்குத்தான். பழைய வேலையும் திரும்பக் கிடைத்தது.

ஊசி போன இடத்தில் மெல்ல மது வந்து உட்கார்ந்தது. “ஊசியவே விட்டவன் நான், இது என்ன பெரிய விஷயம்” என்பார். பெரிய விஷயம்தான். இரண்டும் உடம்பில் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். தூங்குகிறவன் எழுந்திருக்காமலே போகலாம். அதனால்தான் ஜன்னலில் ஊதிப் பார்க்கும் கருவி இருந்தது. அவர் ஓரமாக ஊதுவார், நடுவில் இருமுவார்.

“கன்னம் மட்டும் உப்புது, காத்தக் காணோமே அண்ணே?”

“நுரையீரல் வீக்கு சிஸ்டர்.”

“திட்டும்போது மட்டும் நல்லா வேலை செய்யுது.”

சிவப்பு விளக்கு எரிந்தால் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். போதை இறங்கிய பிறகுதான் மருந்து. “இன்னைக்கு மட்டும்தான் சிஸ்டர்” என்பார். தினமும் குடிப்பது தெரிந்தால் மையத்திலிருந்தே துரத்திவிடுவார்கள், பிறகு ஊசிதான் கதி என்ற பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

ஒரு நாள் கருவி பழுதாகிவிட்டது. ஆளைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லிவிட்டார்கள். வரிசை குதூகலமாக நகர்ந்தது. மெக்கானிக் வந்தார். நடை நேர், பேச்சு தெளிவு, கண்ணிலும் குறையில்லை. நர்ஸ் மருந்தை ஊற்றிக் கோப்பையை நகர்த்தினாள். முந்தின நாள் குடித்த மருந்தின் வேகம் இறங்கிக்கொண்டிருந்தது, நெற்றியில் வியர்வை. கோப்பையை உதடு வரை கொண்டுபோனார். அப்படியே நின்றார். பிறகு ஜன்னல் பலகையில் வைத்தார்.

“எடுத்துக்கோங்க சிஸ்டர். காலையிலேயே தண்ணி போட்டுட்டேன். தினமும் போடறேன்.”

பின்னால் நின்றவன் தலையில் கை வைத்தான். “மிஷினே லீவு போட்டிருக்கு, நீ ஏன் மாமா ஓவர்டைம் பாக்குற?”

நர்ஸ் அசையாமல் நின்றாள். அந்தக் கோப்பைக்காக அழுதவர்களை, கண்ணாடியை உடைத்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். தளும்பத் தளும்ப அது திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை. மருந்து இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் எலும்புக்குள் என்ன வலி தொடங்கும் என்று அவளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

“ஏன் அண்ணே?”

“நேத்து மத்தியானம் தூங்கிட்டிருந்தேன். முழிச்சா, பொண்ணு என் மூக்குக்குக் கீழ விரல் வெச்சுப் பாத்துட்டிருக்கா. நான் பாத்ததும் ஈ ஓட்டினேன்னு சொன்னா. வீட்ல ஈயே இல்ல சிஸ்டர்.”

பின்னால் நின்றவன் தலையிலிருந்து கையை எடுத்தான்.

நர்ஸ் கூப்பிட, மையத்து டாக்டர் உள்ளறையிலிருந்து எழுந்து வந்து பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “குடிக்கிறீங்கன்னு இந்த மருந்த நிறுத்த மாட்டோம். நிறுத்தினா திரும்ப ஊசிக்குத்தான் போவீங்க. ஆனா குடிய வீட்ல இருந்து திடீர்னு விட்டா வலிப்பு வரலாம். வார்டுல சேருங்க. ரெண்டையும் சேத்துப் பாப்போம்.”

“துரத்த மாட்டீங்களா?”

“யார் சொன்னா?”

அதைத் தன்னிடம் சொன்னது தான் மட்டுமே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்ததோ என்னவோ.

பக்கத்துக் கட்டிடத்திலிருந்து வேறு கருவி வாங்கி வந்தார்கள். விளக்கு சிவப்பிலேயே நின்றது. வாசலுக்கு எதிரே மதுக்கடை திறந்திருந்தது. பெஞ்சிலிருந்து பார்த்தால் அதன் பலகை தெரியும். மூக்கு ஒழுக, முழங்கால்கள் அடித்துக்கொள்ள, சட்டை முதுகோடு ஒட்ட, மெக்கானிக் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போக அவருக்கு யாரும் தடை போடவில்லை. நர்ஸ் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டு, சாப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் விளக்கு பச்சையானது. டாக்டர் குறைத்து எழுதிய அளவை ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

“பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க சிஸ்டர். நான் வார்டுல சேரப்போறேன்னு சொன்னா அவ நம்பமாட்டா.”

நர்ஸ் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். மகள் குறுக்கிடாமல் கேட்டாள்.

“யாரும் கண்டுபிடிக்காமலா சொன்னாரு?”

“யாரும் கண்டுபிடிக்கலம்மா. நானே மருந்த ஊத்திக் குடுத்துட்டேன்.”

மறுமுனையில் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மகள் மெல்லக் கேட்டாள்: “போர்வை அங்கயே குடுப்பாங்களா, கொண்டு வரணுமா?”