உசிர் காத்த ஹெல்மட்

மருதமுனையில் முப்பத்திரண்டு வருடம் தபால் கொடுத்தவர் மீராமுகைதீன். வெயிலென்றும் மழையென்றும் பாராமல், பழைய இரும்புச் சைக்கிளில், வெறுந்தலையோடு. நாய் துரத்தியிருக்கிறது, மாடு குறுக்கே வந்திருக்கிறது, மனுசன் ஒருநாளும் விழுந்ததில்லை. பென்சன் எடுத்து மூன்றாம் மாதம்தான் விழுந்தார். அதுவும் வாழ்க்கையில் முதன்முதலாக ஹெல்மட் போட ஆரம்பித்த பிறகு. இந்தப் பகிடியை யாரிடம் சொல்லி அழ!

சீனி வருத்தம் என்று டொக்டர் நடக்கச் சொன்னதில் தொடங்கியது எல்லாம். நடக்க இவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. "தபால்காரன் நடந்து போனா, சைக்கிள வித்துத் திண்டுட்டான் எண்டு சனம் கதைக்கும்" என்று மனைவி ஹாஜறாவிடம் சாதித்தார். மகள் முஸ்பிறாவின் கணவர் றிபாஸ், அறுகம்பேயில் வெளிநாட்டுக்காரர்களைக் காட்டுப் பாதைகளிலும் பாறைச் சரிவுகளிலும் சைக்கிளில் கூட்டிப் போகிறவர். அவர்தான் மாமனாருக்கு ஒரு மவுண்டன் சைக்கிளும் ஹெல்மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்.

"மாமா, இதத் தலையில போடாம ஏறப்படாது."

எங்கள் பக்கத்தில் ஹெல்மட் தலைக்கானது அல்ல, பொலிசுக்கானது. மோட்டார் சைக்கிள்காரனே அதை முழங்கையில் மாட்டிக்கொண்டு போவான். சந்தியில் காக்கிச் சட்டை தெரிந்தால் மட்டும் தலைக்கு ஏறும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அதுவும் வேண்டாம், தொழுகைத் தொப்பியே போதும். அப்படிப்பட்ட ஊரில், எந்தப் பொலிசும் கேட்காத மிதிசைக்கிளுக்கு ஒரு மனுசன் ஹெல்மட் போட்டால் விடுவார்களா? "என்ன காக்கா, சந்திரனுக்கா பயணம்?" என்று தேத்தண்ணிக் கடை ஸஹீத் தினமும் கேட்டான்.

ஒருநாள் விடிய சுபஹு தொழுதுவிட்டு வயல் பக்கம் வாய்க்கால் கட்டில் போய்க்கொண்டிருந்தார். உடும்பொன்று குறுக்கே ஓடியது. முன் பிறேக்கைப் பிடித்தார். சைக்கிள் நின்றது, இவர் நிற்கவில்லை. தலை போய் மதகுக் கொங்கிறீற்றில் மோதியது. எழும்பித் தடவிப் பார்த்தார். மண்டையில் கீறலுமில்லை. ஹெல்மட்டில்தான் ஒரு காதிலிருந்து மறு காதுவரை வெடிப்பு.

அன்றோடு பகிடி நின்றது. ஊரில் எந்த வீட்டுக் கேற்றையும் தட்டத் தெரிந்தவர் அல்லவா, வீடு வீடாகக் கதை போய்ச் சேர்ந்தது. ஹெல்மட்டின் வெடிப்புக்குள் பசை ஊற்றினார். கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்றைப் பூசினார். வீட்டு மண்டபச் சுவரில் அதற்கென்று ஓர் ஆணி. லைசன்ஸ் சோதனைக்குப் போகும் தம்பிக்காக ஸஹீத் அதைப் பணிவாக இரவல் கேட்டு வாங்கிப் போனான். ஹெல்மட்டை நம்பாத ஊர் முழுக்க, உடைந்த ஒரு ஹெல்மட்டை நம்பியது.

மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே குடியிருக்கும் எங்கள் வழக்கப்படி, வாரக் கடைசியில் றிபாஸ் அங்கேதான் வருவார். பச்சை ஹெல்மட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"மாமா, அடிபட்ட ஹெல்மட்ட மறுகா பாவிக்கப்படாது. உள்ளுக்குள்ள இரிக்கிற வெள்ளை நுரை, ரெஜிபோம், ஒருதரம் நசுங்கினா நசுங்கினதுதான். அடிபடாட்டியும் அஞ்சாறு வருசத்தில மாத்தணும்."

"அது சோதிச்சுப் பாத்த சாமான் மருமகன். இனி என்னத்துக்கு மாத்துற?"

மாமனாரோடு வாதாடுகிற வழக்கம் அந்த வீட்டு மருமகனுக்கு இல்லை. அடுத்த வாரம் வெள்ளை நிறத்தில் புத்தம் புதியது ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டு, பழையதையே போட்டார் மீராமுகைதீன். இப்படி எட்டு மாதம் ஓடியது.

முஸ்பிறாவுக்கு ஏழாம் மாதம். றிபாஸ் ஒரு கூட்டத்தைப் பாறைச் சரிவுக்குக் கூட்டிப் போகப் போவதாக மகள் சொன்ன நாளிலிருந்து கிழவருக்கு நெஞ்சு பதறியது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த வீட்டில் நல்லதெல்லாம் மருமகனுக்குத்தான். பாரை மீன் தலையும் அவருக்கு, கோழி ஈரலும் அவருக்கு, காற்றாடிக்குக் கீழ் இருக்கும் கதிரையும் அவருக்கு. ஹெல்மட்டில் மட்டும் குறை வைக்கலாமா? புறப்படும் காலையில், றிபாஸ் குளிக்கும் நேரம் பார்த்து, அவருடைய பையிலிருந்த கறுப்பு ஹெல்மட்டை எடுத்துவிட்டுப் பச்சையை உள்ளே வைத்தார்.

"என்ன செய்றீங்க?" என்றாள் ஹாஜறா.

"பேசாம இரி. மருமகன்ட தலைக்கி நல்லது ஒண்டு வெச்சு அனுப்புறன். அடிபடாத புதுச நான் போடுறன். என்னவும் வந்தா எனக்கு வரட்டும்."

மறுநாள் பின்னேரம் அஸருக்கு றிபாஸ் திரும்பி வந்தார். முழங்கையில் பெரிய கட்டு. முஸ்பிறா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஒண்டுமில்ல புள்ள, பாறையில சறுக்கிட்டு. தலையும் அடிபட்டதுதான். ஆனா ஒண்டுமில்ல."

"நான் சொன்னன்தானே!" மீராமுகைதீன் துள்ளி எழும்பினார். "அது காக்கும். எனக்குத் தெரியும். அல்ஹம்துலில்லாஹ்!"

றிபாஸ் பையைத் திறந்து உள்ளே இருந்ததை எடுத்து மேசையில் வைத்தார். பச்சை ஹெல்மட் இரண்டு துண்டாக இருந்தது. பக்கத்தில் வெடித்துப்போன சிவப்பு ஹெல்மட் ஒன்று.

"இந்தச் சிவப்பத்தான் போட்டிருந்தன் மாமா. கூட்டாளிட்ட இரவல் வாங்கினது. உங்கட பச்சய நான் போடல்ல."

"அப்ப அது எப்பிடி உடஞ்ச?"

"ரெண்டு பெருவிரலால அமத்திப் பாத்தன். அவ்வளவுதான்."

கிழவர் துண்டுகளை எடுத்துப் பார்த்தார். பசையும் பெயின்றும் தின்ற இடத்தில் ரெஜிபோம் மாவாக உதிர்ந்தது. சிவப்பு ஹெல்மட்டின் வெடிப்பைப் பார்த்தார். மகளின் வயிற்றைப் பார்த்தார். காற்றாடிக்குக் கீழ் இருந்த கதிரையில், அது மருமகனுடையது என்பதையும் மறந்து, பொத்தென்று விழுந்தார்.

"யா அல்லாஹ், என்ட கையால வெச்சனே" என்று வாய்விட்டு அழுதார். முப்பத்திரண்டு வருடம் ஒரு கடிதத்தையும் விலாசம் மாற்றிக் கொடுக்காத மனுசன்.

"போடல்லயே மாமா, விடுங்க" என்றார் றிபாஸ்.

இவ்வளவும் பார்த்துக்கொண்டு நின்ற ஹாஜறா, கண்ணைத் துடைத்துவிட்டு சிவப்பு ஹெல்மட்டை எடுத்தாள். "மருமகன்ட உசிரக் காத்தது" என்று முத்தமிட்டு, ஆணியில் மாட்டினாள்.

"கழட்டு அத!" என்று கிழவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மதிலால் எட்டிப் பார்த்தார். ஆணியையும் கிழவர் அன்றைக்கே பிடுங்கி எறிந்தார்.

மறுநாள் புதிய வெள்ளை ஹெல்மட்டோடு கடையடியில் வந்து இறங்கியவரிடம் ஸஹீத் கேட்டான்.

"காக்கா, அந்தப் பச்சய ஒருக்காத் தாங்களன். மச்சான் அக்கரைப்பற்றுக்குப் பயணம் போறான்."

"அது மவுத்தாகிட்டு."

"இன்னா லில்லாஹி! எப்ப காக்கா?"

"மதகில அடிபட்ட அண்டைக்கே. நேரத்தோட அடக்காம, நான்தான் எட்டு மாசமா மையத்தத் தலையில வெச்சிட்டுத் திரிஞ்சிரிக்கன்."