எங்கள் கூட்டத்தில் இல்லாத நோய்

முதலில் மாறியது நிறம்தான். ஒரு நாள் காலையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பம்புசெட் விற்க ஒரிசாப் பக்கம் போனவன் மலேரியாவோடு கோயமுத்தூர் திரும்பியிருந்தேன். காய்ச்சல் தணிந்த பிறகு, பிரைமாகுயின் (ஈரலில் ஒளிந்திருக்கும் மலேரியாக் கிருமியைக் கொல்லும் மாத்திரை) தின்றுகொண்டிருந்தேன். உடம்புச் சூட்டால் நிறம் மாறியிருக்கும் என்று இரண்டு இளநீர் குடித்தேன். மறுநாள் கண்ணும் மஞ்சளாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் மாத்திரையை நிறுத்தி இரத்தம் ஏற்றினார்கள். ஹீமோலிசிஸ் (சிவப்பணுக்கள் உடைந்துபோவது) என்றார் டாக்டரம்மா. பாத்ரூம் போய்வந்தாலே மூச்சு வாங்கியது. பிழைப்பேனா என்று பயந்துகொண்டிருந்தபோது பக்கத்துக் கட்டில்காரர் பரிவோடு விசாரித்தார்: "எத்தனை வருசமாக் குடிக்கறீங்க?"

"பரம்பரையில யாருக்காவது இப்படி வந்திருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எங்க கூட்டத்துல யாருக்குமே இல்லீங்க" என்றேன். எங்கள் பக்கம் குலத்தைக் கூட்டம் என்போம். அது அப்பா வழி. பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள் என்று ஒருவர் விடாமல் ஒப்பித்தேன். எல்லோரும் கல்லுக்குண்டு.

ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைவாக இருக்குமோ என்று பரிசோதித்தார்கள். சரியாக இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். டாக்டரம்மா படவில்லை.

"குறையுள்ள பழைய அணுவெல்லாம் உடைஞ்சுபோச்சுங்க. புது அணுவுல நொதி சரியாத்தான் காட்டும். மூணு மாசம் கழிச்சுப் பார்த்தாத்தான் நிஜம் தெரியும்."

அதற்குள் மலேரியா திரும்பினால் எந்த மாத்திரையை நம்பித் தின்பது? மாத்திரை செய்த வேலையா, வேறு ஏதாவதா என்றே தெரியவில்லையே!

டாக்டரம்மா யோசித்தார். "இது அம்மா வழியா ஆம்பளைப் பிள்ளைக்கு வர்றது. அம்மாகூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு மாமன் இருக்காருங்க. ஆனா அவரு வேற கூட்டமுங்களே!"

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "அதை உங்க ரத்தத்துக்கிட்டச் சொல்லுங்க."

கிணத்துக்கடவில் தோப்பு வைத்திருக்கும் என் மாமனும் இளவயதில் மலேரியா மாத்திரை தின்று மஞ்சளானவர்தான். சாராயத்தால் ஈரல் போய்விட்டது என்று சொந்தமெல்லாம் முடிவு கட்டிவிட்டது. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லை. என் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவந்தவரின் வாயை இரண்டு பேர் மோந்து பார்த்தார்கள்.

ஆள் அனுப்பியதும் வந்துவிட்டார். சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

"எத்தனை பாட்டல் வேணுமோ எடுத்துக்குங்க அம்மணி. என்ற மாப்பிள்ளைக்குத்தானுங்களே!"

"ஏத்தறதுக்கு இல்லீங்க, டெஸ்ட் பண்றதுக்கு. கொஞ்சம் போதும்."

மாமனுக்கு ஏமாற்றமாகிவிட்டது.

அவருக்கு நொதி மிகக் குறைவு என்று வந்தது. "அன்னைக்கு இவருக்கு மஞ்சளானதும் மாத்திரையாலதான் இருக்கணும்" என்று டாக்டரம்மா என் அம்மாவிடம் சொன்னார். அம்மா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"நானும் நம்பாம இருந்துபோட்டனே கண்ணு!"

"அழுவாதக்கா. ரிப்போர்ட்டை என்ற கையில குடுக்கச் சொல்லு. அவிநாசித் தேருக்குச் சொந்தமெல்லாம் வரும்."

மூன்று மாதம் கழித்து என் ரிப்போர்ட்டும் மாமனுடையதைப் போலவே வந்தது. எனக்கு ஆகாத மருந்துகள் எவை என்று தெரிந்துகொண்டேன். என் மனைவி பீரோவிலிருந்த பாச்சை உருண்டைகளையும் வாரி எறிந்தாள், அவையும் ஆகாதாம். ஆளைப் பார்த்து மருந்து கொடுக்கும் காலம் வரும் என்றார் டாக்டரம்மா. உங்களுக்கும் இதே குறை இருந்தால் பயப்படாதீர்கள். எந்த மாத்திரைக்கு முன்பும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், போதும்.

சிவப்பணு ஏறக்குறைய நாலு மாதம்தான் வாழுமாம். போன தீபாவளிக்கு என் உடம்பில் ஓடிய இரத்தம் இந்தச் சித்திரையில் இல்லை. நான் மட்டும் பழைய ஆளாக இருப்பது வேடிக்கையாக இருக்கிறது. அப்பாவின் மூக்கு, அப்பாவின் நடை என்று நினைத்திருந்த உடம்புக்குள் மாமன் இத்தனை வருசம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

இப்போது எந்த டாக்டராவது "பரம்பரையில..." என்று தொடங்கினால் நான் முந்திக்கொள்கிறேன்.

"மொதல்ல எங்க மாமனைப் பத்திச் சொல்லிப்போடறனுங்க. அவரு குடிக்க மாட்டாருங்க."