கால் பார்க்க மாட்டேன்

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவுக்கு முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்திருந்த பெயர் உடும்பு. பிடித்தால் விடமாட்டாள். சர்க்கரை நோயாளி யார் வந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடவைத்து, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்பாள். மரத்துப்போன காலில் புண் வந்தாலும் வலிக்காது. கவனிக்காமல் விட்டால் விரலே போய்விடும். மேலிடம் அனுப்பிய திட்டம்தான் அது. சுவரில் படம் ஒட்டியதோடு மற்றவர்கள் கை கழுவிவிட்டார்கள். இவள் ஒற்றை ஆளாக மாரடித்தாள். பாராட்டு பெரிய டாக்டருக்கு வந்தது. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான், மறைப்பானேன்.

மகளின் பிரசவத்துக்காக அவள் லீவில் இருந்தபோது அவளுடைய அக்கா புருஷன் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தார். அவர் ஷூவைக் கழற்றச் சொல்ல ஓர் ஆளில்லை. உள்ளே பெருவிரலுக்கடியில் புண். அவள் திரும்புவதற்குள் விரலை எடுத்துவிட்டார்கள்.

"நீ இருந்திருந்தா பார்த்திருப்பே" என்றாள் அக்கா. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

வேலைக்கு வந்த முதல் நாளே இழையைக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டரின் மேஜைமேல் வைத்தாள்.

"இனிமே நான் ஒருத்தியா கால் பார்க்க மாட்டேன், டாக்டர்."

"என்ன சிஸ்டர் இது? அடுத்த வாரம் மேலிடத்துல இருந்து வராங்க."

"வரட்டும். நான் லீவு போட்டா நின்னுபோகுதுன்னா அது திட்டமே இல்ல. என் முதுகுல ஏத்தின சுமை, அவ்வளவுதான்."

"நான் ஒரு வார்த்தை எழுதினா உங்களை மாத்திடுவாங்க, தெரியும்ல?"

"மாத்தட்டும். அப்புறம் யாரு பார்ப்பா?"

டாக்டர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "வெளிய கூட்டத்தைப் பாருங்க. எனக்கு மூச்சு விட நேரமில்ல" என்றார் கொஞ்சம் இறங்கி.

அது பொய்யில்லை, அவளும் மறுக்கவில்லை. "சீட்டு போடற இடத்துலயே செருப்பைக் கழட்டச் சொல்லிடட்டும். உங்ககிட்ட வெறுங்காலோட வருவாங்க. பாதிப் பேரை நீங்க பாருங்க, பாதிப் பேரை நான் பார்க்கறேன்."

அவர் முறைத்தார். அவளும் முறைத்தாள். கடைசியில் விட்டுக்கொடுத்தவர் அவர்தான். சீட்டு போடுகிறவர் ஒரு வாரம் முணுமுணுத்தார். வரிசையில் நின்றவர்கள் ஏசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எல்லாம் படிந்துவிட்டது என்று பேச்சு வந்த பிறகு, வேண்டுமென்றே ஒருநாள் லீவு போட்டாள். அக்கா புருஷனைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். உள்ளே டாக்டர் குனிந்து, அவருக்கு மிச்சமிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார். இவளுக்குக் கை பரபரத்தது. பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தாள்.

"கூட வந்தவங்க வெளிய இருங்க" என்றார் டாக்டர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

யார் வெளியே போகச் சொன்னாலும் மல்லுக்கு நிற்பவள், அன்று மறுபேச்சில்லாமல் வெளியே போனாள்.