பி.டி. மிஸ் வாயைத் திறக்கவில்லை

பள்ளி ஆலோசகர் ஆவதற்காக முதுகலை உளவியல் படிக்கப்போகிறேன் என்று ஆசிரியர் அறையில் நான் சொன்ன அன்று, வேதியியல் டீச்சருக்கு டீ புரையேறியது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் உடற்கல்வி ஆசிரியை. திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் பல வருடமாகப் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருப்பவள். மைதானத்தில் நின்று நான் ஒரு குரல் கொடுத்தால் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் போகிற ஆட்டோக்காரரும் வேகத்தைக் குறைப்பார்.

"அழுதுக்கிட்டு வர்ற பொண்ணை என்ன பண்ணுவீங்க டீச்சர்? ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வான்னு சொல்லுவீங்களா?" என்றார் இருமிக்கொண்டே.

"தேவைப்பட்டா உங்களையும் ஓட வைப்பேன்" என்றேன்.

வீட்டில் இன்னும் மோசம். ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கிறோம். என் கணவர் கலெக்டர் ஆபீசில் ஜீப் ஓட்டுகிறார். சோறு போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அந்தப் படிப்பில் அப்படி என்ன கற்றுத் தருவார்கள் என்று கேட்டார். எதிரில் இருப்பவர் பேசுவதைக் குறுக்கே பேசாமல் கேட்பது என்றேன்.

"வாயை மூடிக்கினு இருக்கறதுக்கு ஒரு டிகிரியா? இத்தினி வருஷமா நான் ஃப்ரீயா சொல்லிக்கினு இருந்தேனே!"

அன்று அவருக்கு ரசம் கிடைக்கவில்லை.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எனக்குக் காரணம் இருந்தது. கோ-கோவும் கபடியும் ஆடுகிற பெண்களுக்கு அடிக்கடி கால் பிசகும். விளையாட்டு அறையில் உட்கார வைத்து, ஐஸ் ஒற்றி, கணுக்காலில் கட்டுப் போட்டுவிடுவேன். அப்போது பேசுவார்கள். நான் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன். அதனாலோ என்னவோ, பெற்ற தாயிடம் சொல்லாததெல்லாம் வரும். அப்பா குடிப்பது, மாமனுக்குக் கட்டி வைக்கப் பேச்சு நடப்பது, எவ்வளவு படித்தாலும் மண்டையில் ஏறாதது, காரணமே இல்லாமல் காலையில் எழுந்திருக்கப் பிடிக்காதது. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே மருந்துதான் இருந்தது: "தைரியமா இரு." சொல்லும்போதே அது ஒன்றுக்கும் உதவாது என்று தெரியும். சுளுக்குக்கு ஒழுங்காகக் கட்டுப் போடத் தெரிந்தவளுக்கு இதற்கு ஒன்றும் தெரியவில்லையே என்று எரிச்சலாக வரும். எரிச்சல் வந்தால் நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன்.

தொலைநிலைக் கல்விதான். ஆனால் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூருக்குப் போய் நேரடி வகுப்பில் உட்கார வேண்டும். முதல் வகுப்பிலேயே மாட்டிக்கொண்டேன். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்ல, மற்றவர் ஆலோசகராகக் கேட்க வேண்டும். எனக்கு எதிரில் உட்கார்ந்த இளைஞர் தனக்குத் தூக்கமே வருவதில்லை என்றார்.

"போனை எடுத்துத் தூரப் போடுங்க. சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடுங்க. தூக்கம் தானா வரும்" என்றேன். நல்ல யோசனை என்றே நினைத்தேன்.

வகுப்பு எடுத்த பெண் என்னைவிட வயதில் சிறியவர். பக்கத்தில் வந்து நின்று, "மேடம், அவர் ஏன் தூங்கலைன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது. நான் கேட்கவே இல்லை. முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

அன்று பௌர்ணமி வேறு. திரும்பும்போது பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலத்துக்கு வந்த கூட்டத்தோடு கூட்டமாக வீடு வரைக்கும் நடந்தேன். பேசாமல் நடந்தால்தான் பலன் என்பார்கள். என் பக்கத்தில் வந்த இரண்டு பெண்களோ யாரோ ஒரு நாத்தனாரின் வண்டவாளம் முழுவதையும் வழியெல்லாம் பேசித் தீர்த்தார்கள். எனக்கு நாக்கின் நுனி வரை யோசனைகள் வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டு நடந்தேன். பயிற்சியை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வருடம் களப்பயிற்சி வந்தது. ஏதாவது ஒரு பள்ளியில் ஒரு பருவம் முழுக்க மாணவர்களைச் சந்தித்துப் பேச வேண்டும். முறையாகச் செய்தேன் என்று அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டுச் சான்று தர வேண்டும். சான்று இல்லாவிட்டால் அந்தப் பருவத் தேர்வு கிடையாது, அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதுதான். எங்கள் தலைமை ஆசிரியை கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். வேறு எங்கும் போக வேண்டாம், இங்கேயே செய்யுங்கள் என்று விளையாட்டு அறையையும் கடைசிப் பீரியடையும் எனக்குக் கொடுத்தார்.

வலைகளையும் பந்து மூட்டைகளையும் ஒரு மூலையில் ஒதுக்கி, இரண்டு நாற்காலி போட்டுக் காத்திருந்தேன். ஒருத்தியும் வரவில்லை. கட்டுப் போடும்போது மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிய பிள்ளைகள், 'ஆலோசனை' என்று பலகை மாட்டியதும் ஓடிவிட்டார்கள். உள்ளே போனால் வெளியே வருவதற்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம். நியாயமான பயம்தான். மௌனத்தைத் தேடி எந்தெந்த தேசத்திலிருந்தோ வந்து, ஆசிரமங்கள் இருக்கிற செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். இந்த ஊரில் பிறந்த எங்களுக்கோ ஒரு சங்கதியை மத்தியானம் வரைக்கும் வாய்க்குள் வைத்திருக்க முடியாது.

கடைசியில் ஒருத்தி வந்தாள். பதினோராம் வகுப்பு. எங்கள் கோ-கோ அணியின் உயிர்நாடியே அவள்தான். சில வாரமாக மாலைப் பயிற்சிக்கு வராமல் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் உட்காராமல் பந்து மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"நீங்க திட்டுவீங்களா மிஸ்?"

"மாட்டேன்."

"யார்கிட்டயாச்சும் சொல்லிடுவீங்களா?"

உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது அவளிடம் தப்பாக நடந்துகொண்டார்கள் என்றாலோ சொல்லியே ஆக வேண்டும், மற்றது எதுவானாலும் அவள் அனுமதி இல்லாமல் சொல்ல மாட்டேன் என்றேன். அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, மணி அடிக்கிற வரை பேசினாள். என்ன பேசினாள் என்று இங்கேயும் எழுதப்போவதில்லை. நான் யோசனை சொல்லவில்லை, அதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்த வாரமும் அடுத்த வாரமும் வந்தாள். பயிற்சிக்கு மட்டும் வரவில்லை.

மண்டலப் போட்டி நெருங்கியது. தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு ஏன் ஆட வரலை? உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கான்னு கேள்விப்பட்டேன். என்ன விஷயம்?"

"அதைச் சொல்ல முடியாது மேடம்."

"நான் ஹெச்.எம்."

"தெரியும் மேடம்."

"பிடிவாதம் ஜாஸ்தி உங்களுக்கு. அவ இல்லாம நம்ம டீம் என்ன ஆகும்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்? சொல்லுங்க, நான் அவங்க வீட்ல பேசறேன்."

அவர் சொன்னது உண்மை. அவள் அணியில் வேண்டும் என்று அவரைவிட எனக்குத்தான் தவிப்பு. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவர் நல்லதாகவே ஏதாவது செய்வார். ஆனால் அந்தப் பெண் பந்து மூட்டையின் மேல் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தாள். மறுபடியும் முடியாது என்றேன்.

"என் ஸ்கூல்ல, என் பிள்ளைங்களைப் பத்தி எனக்கே சொல்லாத பயிற்சிக்கு நான் எப்படி கையெழுத்துப் போடறது?" என்றார்.

வெளியே வந்து மைதானத்தை ஒரு சுற்று வேகமாக நடந்தேன். ரத்தம் கொதித்தது. போடாவிட்டால் போகட்டும், வேறு பள்ளியில் முதலிலிருந்து செய்வேன், படிப்பை விடுவதாக இல்லை என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். கேட்டுக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பயந்து இன்னும் வேகமாக ஓடின.

பெண்கள் பள்ளியில் எதுவும் மறையாது. பி.டி. மிஸ்ஸை ஹெச்.எம். அதட்டினார், மிஸ் வாயைத் திறக்கவில்லை என்பது மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வர ஆரம்பித்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு கடைசிப் பீரியடில் வாசலில் வரிசை. கோ-கோ பெண் போட்டிக்கு வரவில்லை, நாங்கள் தோற்றோம். தோற்ற மறுவாரம் அவளே, "கூட வர்றீங்களா மிஸ்?" என்று என்னை அழைத்துக்கொண்டு தலைமை ஆசிரியை அறைக்குப் போய்த் தன் விஷயத்தைத் தன் வாயால் சொன்னாள். நான் சுவரோரம் நின்றேன். தலைமை ஆசிரியை முழுவதும் கேட்டார். அவள் போனபின், "வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்க சான்றைக் கொண்டாங்க, போட்டுத் தர்றேன்" என்றார். அதை வேலூரில் கொடுக்கக் கடைசி நாள் சனிக்கிழமை. கூத்தாடலாம் போல இருந்தது.

வியாழக்கிழமை வரிசையில் கடைசியாக நின்றிருந்தது தலைமை ஆசிரியையின் மகள். எங்கள் பள்ளியில்தான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். உள்ளே வந்து கதவைத் தானே சாத்தினாள்.

"எங்கம்மாகிட்ட சொல்ல மாட்டீங்கல்ல மிஸ்?"

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், வெள்ளிக்கிழமை தாண்டி வந்திருக்கக் கூடாதா இவள் என்று நினைத்தேன். பிறகு கோ-கோ பெண்ணுக்குச் சொன்னதையே இவளுக்கும் சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை சான்றை மேசையில் வைத்தேன். தலைமை ஆசிரியை பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

"என் பொண்ணு நேத்து உங்க ரூமுக்கு வந்தாளாமே."

நான் சான்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன சொன்னா?"

"மேடம், நீங்க கேக்கக் கூடாது. நான் சொல்லவும் கூடாது."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவே நின்றேன். அவர் கோபப்படவில்லை. குரல் இறங்கிவிட்டது.

"அழுதாளா?"

இத்தனை வருடத்தில் அவர் அப்படி ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. ஆமாம் என்றோ இல்லை என்றோ தலையை அசைத்திருந்தால்கூடப் போதும், அந்தத் தாய்க்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாவமாகத்தான் இருந்தது.

"அதையும் சொல்லக் கூடாது மேடம். நீங்களே அவகிட்ட கேளுங்க. கேட்டுட்டு, அவ முடிக்கிற வரைக்கும் எதுவும் பேசாதீங்க. ரொம்ப கஷ்டமா இருக்கும். எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு."

பேனாவை மூடினார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். கடைசி மணிக்கு முன்பு அவர் பள்ளியை விட்டுக் கிளம்பி நான் பார்த்ததே இல்லை. ஒன்பதாம் வகுப்பு வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டார். மேசைமேல் என் சான்று கையெழுத்தில்லாமல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வெளியே வந்தேன். ஸ்கூட்டி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் நிறுத்துவார். இரண்டு நொடி வேலை. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் அம்மாவின் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே பேச ஆரம்பித்திருந்தாள்.

நான் கூப்பிடவில்லை. அன்று ராத்திரி அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டவும் இல்லை. அந்தப் பருவம் போயிற்று. அடுத்த பருவத்தில் எழுதித் தேறினேன்.