போச்சம்பள்ளிக்கு ஒரு வாளி அழுக்குத் தண்ணீர் தேடி

போன செவ்வாய்க்கிழமை காலை 7.10-க்கு ஓசூரில் பஸ் ஏறினேன். மடியில் டிபன் டப்பா. உள்ளே சோறு இல்லை, தண்ணீரில் ஊறும் ஒரு பாலிமர் சவ்வு. எண்ணெய் கலந்த தண்ணீரை ஊற்றினால் தண்ணீரை மட்டும் அது கீழே விட வேண்டும். அதற்காக எங்கள் ஆய்வகத்தில் ஆறு மாதம் அதன்மேல் விதவிதமான பூச்சு போட்டுப் பார்த்தோம். நிஜத் தொழிற்சாலைக் கழிவில் ஒரு மணி நேரம் தாங்காவிட்டால் இந்த வேலையையே நிறுத்திவிடுவதாக எங்கள் மேலாளர் சொல்லிவிட்டார்.

கிருஷ்ணகிரி 50 கி.மீ., டிக்கெட் 50 ரூபாய். சவ்வு காய்ந்தால் பூச்சு போச்சு. சூளகிரி தாண்டுவதற்குள் நான்கு முறை மூடியைத் திறந்து பார்த்தேன். பக்கத்து சீட் அம்மா, "என்னம்மா, மீன் குஞ்சா?" என்றார். சிரிப்பே வரவில்லை. பஸ் மாறி இன்னும் 30 கி.மீ. போச்சம்பள்ளி போய்ச் சேர 10.05.

இரும்பு உதிரிபாகம் கடையும் அந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் பகீரென்றது. தரை பளபளக்கிறது, கழிவுத் தொட்டி காலி.

"மேடம் வர்றீங்கன்னு நேத்தே எல்லாத்தையும் கழுவி உட்டுட்டோம்ங்க," என்றார் சூப்பர்வைசர் கோவிந்தராஜ், பெருமையாக.

"ஐயோ சார்! அந்த அழுக்குத் தண்ணிக்குத்தானே வந்தேன்!"

அவர் முகம் சுருங்கிவிட்டது. கழிவு லாரி ஏறிப் போயாச்சாம். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

மெஷின் ஓட்டும் மாதம்மா அக்கா என்னை ஓரமாக இழுத்தார். "அந்த மூலை மெஷினு ரிப்பேருங்க. கழுவ நேரமில்ல, தார்ப்பாய் போட்டு மறைச்சிட்டோம். பாக்கவே அசிங்கமா இருக்கும்."

"அக்கா, உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்!"

கோவிந்தராஜே வெட்கத்தோடு தார்ப்பாயை விலக்கி ஒரு வாளி மொண்டு தந்தார். மெஷின் சூட்டைத் தணிக்க ஊற்றும் எண்ணெய்த் தண்ணீர். டீ நிறம், குடலைப் புரட்டும் நாற்றம். சின்ன பம்பை மாட்டி, சவ்வு வழியாக அழுத்தினேன். முதல் சொட்டு கலங்கல். அடுத்ததும் கலங்கல். ஏழாவது நிமிடம் தெளிந்தது. அதன்பிறகு உட்காரவே முடியவில்லை, வாளியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அறுபத்தோராவது நிமிடத்திலும் தெளிவாகவே சொட்டியது. மாதம்மா அக்கா கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து, "நம்ம தண்ணியாங்க இது?" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இதே வேலையாக வருகிறவர்களுக்கு: காலை பஸ்ஸில் வலது பக்கம் உட்காருங்கள், வெயில் குறைவு. சவ்வை நனைத்தே வையுங்கள். முக்கியமாக, 'பார்வையிட வருகிறோம்' என்று நாகரிகமாகக் கடிதம் எழுதாதீர்கள். நான் அப்படித்தான் எழுதினேன். உங்கள் அழுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக் கூச்சம். என் கூச்சத்துக்காக நான்கு பேர் ஒரு ஷிப்ட் முழுக்க முதுகொடியக் கழுவியிருக்கிறார்கள்.